‘கெட்’ என்ற ஆங்கில வினைச்சொல்லை எப்படிக் கற்பது?

கேள்வி இதுதான்: ‘கெட்’ என்ற சொல்லுக்கு அகராதியைப் புரட்டினால் பெறு, அடை, ஆகு, வாங்கு, கொண்டுவா, புரிந்துகொள், போய்ச் சேர், செய்ய வை என்று பொருள்கள் வரிசைகட்டி நிற்கின்றன. அத்தனையையும் மனப்பாடம் செய்துதான் ஆகவேண்டுமா?

வேண்டாம். மனப்பாடம் செய்தாலும் பயன் குறைவு. பேசும்போது பட்டியலை ஓட்டிப் பார்த்து ஏழாவது பொருளையோ பதினோராவது பொருளையோ எடுக்க யாருக்கும் நேரம் இருக்காது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசும் குழந்தையும் இப்படிப் பட்டியல் போட்டுக் கற்பதில்லை. அந்தச் சொல்லுக்குள் ஓடும் ஒரே கருத்தைப் பிடித்துக்கொண்டு, அது எந்தெந்த வாக்கிய அமைப்பில் வருகிறது என்று பழகிக்கொள்கிறது. நாமும் அதையே செய்யலாம். தமிழ் பேசுகிறவர்களுக்கு இதில் ஒரு கூடுதல் வசதியும் இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

அந்த ஒரே கருத்து: இல்லாத நிலையிலிருந்து இருக்கும் நிலைக்கு மாறுவது. ஆங்கிலத்தில் ‘ஹேவ்’ என்பதும் ‘பி’ என்பதும் நிலையைச் சொல்லும் சொற்கள். கையில் இருக்கிறது, களைப்பாக இருக்கிறேன், அங்கே இருக்கிறான் என்பதெல்லாம் நிலை. அந்த நிலை தொடங்கும் கணத்தைச் சொல்வதுதான் ‘கெட்’. ஜோடி ஜோடியாகப் பாருங்கள். ‘ஐ ஹேவ் எ ஜாப்’ என்றால் எனக்கு வேலை இருக்கிறது. ‘ஐ காட் எ ஜாப்’ என்றால் எனக்கு வேலை கிடைத்தது. ‘ஐ ஆம் டயர்ட்’ என்றால் களைப்பாக இருக்கிறேன். ‘ஐ ஆம் கெட்டிங் டயர்ட்’ என்றால் களைப்படைந்துகொண்டிருக்கிறேன். ‘ஷீ இஸ் அட் தி ஸ்டேஷன்’ என்றால் அவள் ரயில் நிலையத்தில் இருக்கிறாள். ‘ஷீ காட் டு தி ஸ்டேஷன்’ என்றால் அங்கே போய்ச் சேர்ந்தாள். பெறு, ஆகு, சேர் என்று அகராதி மூன்று பொருள்களாகப் பிரித்துக் காட்டியது உண்மையில் ஒன்றே. பின்னால் பெயர்ச்சொல் வந்தால் ‘கிடைத்தது’, பண்பைச் சொல்லும் சொல் வந்தால் ‘ஆனது’, இடம் வந்தால் ‘சேர்ந்தது’. பொருளைத் தீர்மானிப்பது ‘கெட்’ அல்ல, அதற்குப் பின்னால் வருவதுதான்.

இதை ஒருமுறை மனத்தில் வாங்கிக்கொண்டால், தேர்வுத்தாள்களில் அடிக்கடி வரும் ஒரு பிழையும் தானாக விலகிவிடும். ‘ஷீ இஸ் மேரீட்’ என்பது நிலை. ‘ஷீ காட் மேரீட்’ என்பது நிகழ்ச்சி. நிலையை எவ்வளவு காலம் என்று அளக்கலாம். நிகழ்ச்சியை எப்போது என்றுதான் கேட்க முடியும். எனவே ‘ஷீ ஹேஸ் பீன் மேரீட் ஃபார் டென் இயர்ஸ்’ சரி, ‘ஷீ காட் மேரீட் டென் இயர்ஸ் அகோ’ சரி. ‘ஷீ காட் மேரீட் ஃபார் டென் இயர்ஸ்’ என்று எழுதினால், பத்தாண்டு ஒப்பந்தத்தில் மணம் புரிந்தாள் என்று படிப்பவருக்குத் தோன்றக்கூடும். இதோடு சேர்த்து இன்னொன்றையும் கவனியுங்கள்: யாரோடு என்று சொல்ல ‘மேரீட் டு’ என்றுதான் எழுத வேண்டும், ‘மேரீட் வித்’ அல்ல.

‘ஆகு’ என்ற பொருளில் ஒரு வேலி உண்டு. ‘கெட்’டுக்குப் பின் பண்புச்சொல்தான் அப்படி வரும், பெயர்ச்சொல் வராது. ‘ஹீ பிகேம் எ டாக்டர்’ என்றால் அவர் மருத்துவர் ஆனார். ‘ஹீ காட் எ டாக்டர்’ என்றால் அவர் போய் ஒரு மருத்துவரை அழைத்துவந்தார். இரண்டுக்கும் நடுவே குறைந்தது ஐந்தாண்டுப் படிப்பு இருக்கிறது. எல்லாப் பண்புச்சொல்லும் ‘கெட்’டோடு சேர்வதும் இல்லை. கோபம், பசி, குளிர், முதுமை, ஈரம், நலம் பெறுதல், நிலை மோசமாதல் எல்லாம் ‘கெட்’டோடு இயல்பாக ஒட்டும். பார்வை போவது, தலை வழுக்கையாவது, பால் கெடுவது, மனம் பேதலிப்பது போன்றவற்றுக்கு ‘கோ’ வரும்: ‘கோ பிளைண்ட்’, ‘கோ பால்ட்’, ‘கோ பேட்’, ‘கோ மேட்’. பெரும்பாலும் திரும்பி வராத கேடுகள் ‘கோ’வின் பங்கு என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். நிறம் மாறுவதற்கு ‘டர்ன்’ அல்லது ‘கோ’. இவற்றுக்கு உறுதியான விதி இல்லை. படிக்கப் படிக்கத்தான் காது பழகும்.

இப்போது முன்பு சொன்ன வசதிக்கு வருகிறேன். தமிழில் நமக்கு நேரும் பலவற்றை நாம் ‘நான்’ என்று தொடங்குவதில்லை. ‘எனக்கு’ என்று நான்காம் வேற்றுமையில் தொடங்குகிறோம். எனக்கு வேலை கிடைத்தது. எனக்குக் கோபம் வந்தது. எனக்குச் சளி பிடித்தது. எனக்குப் பழகிவிட்டது. எனக்குப் புரிந்தது. எனக்குத் திருமணம் ஆனது. இந்த வாக்கியங்களில் எழுவாய் வேலையும் கோபமும் சளியும்தான். நாம் அவை வந்து சேரும் இடம் மட்டுமே. ஆங்கிலம் இப்படி யோசிப்பதில்லை. அது மனிதரை முன்னால் நிறுத்தி ‘ஐ’ என்று தொடங்கி, நடுவில் ‘காட்’ போட்டு முடித்துவிடுகிறது: ‘ஐ காட் எ ஜாப்’, ‘ஐ காட் ஆங்ரி’, ‘ஐ காட் எ கோல்ட்’, ‘ஐ காட் யூஸ்ட் டு இட்’, ‘ஐ காட் இட்’, ‘ஐ காட் மேரீட்’. தமிழில் ஆறு வெவ்வேறு வினைகள் வந்த இடத்தில் ஆங்கிலத்தில் ஒரே வினை. ஆகவே ‘எனக்கு’ என்று தொடங்கி ஒரு மாற்றத்தைச் சொல்லும் தமிழ் வாக்கியம் மனத்தில் வரும்போதெல்லாம், ‘ஐ காட்’ அங்கே பொருந்துமா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் பொருந்தும்.

பொருந்தாத இடங்களும் இருக்கின்றன. நம்மவர்களின் ஆங்கிலத்தில் பிழைகள் குவிவது அங்கேதான். ‘எனக்குத் தூக்கம் வருகிறது’ என்பதை ‘ஐ ஆம் கெட்டிங் ஸ்லீப்’ என்கிறோம். ‘ஸ்லீப்’ பெயர்ச்சொல், நமக்கு வேண்டியது பண்புச்சொல்லான ‘ஸ்லீப்பி’. ‘ஐ ஆம் கெட்டிங் ஸ்லீப்பி’ என்பதே சரி. ‘ஐ டிட்ன்ட் கெட் எனி ஸ்லீப்’ என்பதும் நல்ல ஆங்கிலம்தான்; ஆனால் அதன் பொருள் இரவெல்லாம் தூங்கவே முடியவில்லை என்பது. ‘எனக்கு நேரமாகிறது’ என்பது ‘ஐ ஆம் கெட்டிங் லேட்’ ஆகிவிடுகிறது. ஆங்கிலத்தில் ‘லேட்’ ஆகிக்கொண்டே போவது பொழுது, ஆள் அல்ல. ‘இட்ஸ் கெட்டிங் லேட்’ என்றோ, தாமதமாகிவிட்ட ஆள் தன்னைப் பற்றிச் சொல்ல ‘ஐ ஆம் ரன்னிங் லேட்’ என்றோ சொல்ல வேண்டும். ‘அது எங்கே கிடைக்கும்?’ என்பது ‘வேர் வில் இட் கெட்?’ என்று வருவது எழுவாய்க் குழப்பத்துக்குச் சரியான எடுத்துக்காட்டு. தமிழில் பொருள் கிடைக்கிறது; ஆங்கிலத்தில் ஆள்தான் ‘கெட்’ செய்ய வேண்டும். ‘வேர் கேன் ஐ கெட் இட்?’

‘நீங்கள் வருவதாகத் தெரியவந்தது’ என்பதற்கு ‘ஐ காட் டு நோ தட் யூ ஆர் கமிங்’ என்று எழுதுவது நம்மிடையே பரவலான வழக்கம். ‘கெட் டு நோ’ என்பது ஒருவரோடு பழகிப் பழகி அவரை அறிந்துகொள்வது. அதற்கு வாரங்களும் மாதங்களும் ஆகும். ஒரு செய்தி காதில் விழுந்ததற்கு ‘ஐ ஹர்ட்’ அல்லது ‘ஐ ஃபவுண்ட் அவுட்’ போதும். ‘எனக்கு ஒரு சந்தேகம்’ என்பது ‘ஐ காட் எ டவுட்’ ஆவதும் இப்படித்தான். பாடத்தில் ஒன்று புரியாமல் கேட்கும்போது அதற்குரிய சொல் ‘கொஸ்சன்’. ‘டவுட்’ என்றால் நீங்கள் சொன்னதை நம்பவில்லை என்ற பொருள் தொனிக்கும். ஆசிரியர் முகம் சுளிக்க இடம் உண்டு.

இந்திய ஆங்கிலம் என்று ஒன்று இருக்கிறதே, அதில் இவையெல்லாம் ஏற்கப்பட்டவைதானே என்று சிலர் வாதிடுவார்கள். நமக்குள் பேசிக்கொள்ளும்போது தாராளமாக இருக்கட்டும். வேறு நாட்டவரிடம் பேசும்போதும் தேர்வு எழுதும்போதும் எது எங்கே செல்லும் என்று தெரிந்திருந்தால், இரண்டையும் இடமறிந்து பயன்படுத்தலாம். தெரியாமல் பயன்படுத்துவதுதான் சிக்கல்.

அடுத்தது ‘ஹேவ் காட்’. பலரைத் தடுமாற வைக்கும் இடம் இது. ‘ஐவ் காட் எ பென்’ என்பது உருவத்தில் முடிந்த செயலைப் போல் இருந்தாலும், பொருளில் ‘ஐ ஹேவ் எ பென்’ என்பதேதான். இப்போது என்னிடம் பேனா இருக்கிறது. ஏன் இப்படி என்றால், ஒன்றைப் பெற்று முடித்திருந்தால் அது இப்போது கையில் இருக்க வேண்டும் அல்லவா, அந்தத் தருக்கம்தான் பேச்சில் உறைந்துவிட்டது. ‘ஐ காட் எ பென்’ என்றால் பேனா கிடைத்தது அல்லது வாங்கினேன், இறந்தகாலம். எதிர்மறையில் ‘ஐ ஹேவன்ட் காட்’ என்று பிரிட்டனில் அதிகம் கேட்கலாம். அமெரிக்காவில் ‘ஐ டோன்ட் ஹேவ்’ தான் பெருவழக்கு. நேற்று இருந்ததைச் சொல்ல ‘ஹேட் காட்’ என்று இழுக்காமல் ‘ஐ ஹேட் எ பென்’ என்று முடித்துவிடுங்கள்.

அமெரிக்கர்கள் ‘காட்டன்’ என்று இன்னொரு வடிவமும் வைத்திருக்கிறார்கள். தமிழ் எழுத்தில் பருத்தித் துணி போலத் தெரிகிறது, என்ன செய்வது. அவர்களுக்கு ‘ஐவ் காட் எ கார்’ என்றால் என்னிடம் கார் இருக்கிறது, ‘ஐவ் காட்டன் எ கார்’ என்றால் கார் வாங்கியிருக்கிறேன். ‘காட்’ நிலை, ‘காட்டன்’ மாற்றம். மேலே சொன்ன ‘ஹேவ்’, ‘கெட்’ வேறுபாட்டை இந்த இரண்டு வடிவங்களிலும் அவர்கள் காத்துவருகிறார்கள். பிரிட்டனில் இரண்டுக்கும் ‘காட்’ ஒன்றுதான். ‘காட்டன்’ அமெரிக்கர்கள் உண்டாக்கிய கொச்சை என்று பிரிட்டிஷ் ஆங்கிலப் பற்றாளர்கள் சிலர் முணுமுணுப்பது உண்டு. அது தவறு. 1611-இல் இங்கிலாந்தில் வெளியான விவிலிய மொழிபெயர்ப்பிலேயே அந்த வடிவம் இருக்கிறது. இங்கிலாந்து பிற்காலத்தில் கைவிட்டதை அமெரிக்கா வைத்துக்கொண்டது, அவ்வளவே. ‘ஃபர்காட்டன்’ என்ற சொல்லில் அது இன்றும் எல்லா நாட்டு ஆங்கிலத்திலும் வாழ்கிறது.

அந்த ‘ஃபர்கெட்’டும் உறவுக்காரச் சொல்தான். ஒன்பதாம் நூற்றாண்டு முதல் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய ஸ்காண்டிநேவியர்களின் மொழியில் ‘கெட்டா’ என்றொரு வினை இருந்தது; பெறுவது என்று பொருள். அதிலிருந்து வந்தது இன்றைய ‘கெட்’. ‘டேக்’, ‘தே’ போன்ற சொற்களும் அந்த வழியில் வந்தவையே. பழைய ஆங்கிலத்தில் இதன் உடன்பிறப்பு முன்னொட்டுகளோடு ஏற்கெனவே வழங்கியது. ‘ஃபர்கெட்’ அதில் ஒன்று. அதன் மூலப்பொருள் பிடியை நழுவவிடுவது. இன்னும் ஆழமாகத் தோண்டினால், பற்றிப் பிடிப்பதைக் குறிக்கும் லத்தீன் வினையோடு இதற்கு உறவு இருக்கிறது. புரிந்துகொள்வதைக் குறிக்கும் ‘காம்ப்ரிஹெண்ட்’ அந்த லத்தீன் வினையின் வழித்தோன்றல். ஆகவே ‘ஐ காட் இட்’ என்றால் புரிந்தது என்று பொருள் வருவதில் வியப்பில்லை. நாமும் ‘அந்தக் கணக்கு எனக்குப் பிடிபடவில்லை’ என்கிறோமே.

புரிதல் பொருளில் ஒரு நுணுக்கம். ஒருவர் சொன்னது காதில் சரியாக விழவில்லை என்றால் ‘ஐ டிட்ன்ட் கெட் தட்’ என்று சொல்லுங்கள். ‘ஐ டிட்ன்ட் கெட் யூ’ என்று நாம் சொல்வது பேசியவரையே புரியவில்லை என்பதுபோல ஒலிக்கும். ‘ஐ டோன்ட் கெட் இட்’ என்றால் விஷயம் விளங்கவில்லை. நகைச்சுவைத் துணுக்கு ஒன்றுக்குச் சிரிக்காமல் நிற்பவர் சொல்வதும் இதைத்தான்.

‘கெட்’டுக்குப் பின் ‘டு’ போட்டு ஒரு வினை வந்தால், அதற்கு வாய்ப்புக் கிடைப்பது என்று பொருள். ‘ஐ காட் டு மீட் ஹெர்’ என்றால் அவரைச் சந்திக்கும் வாய்ப்புக் கிடைத்தது. ‘த சில்ட்ரன் கெட் டு சூஸ்’ என்றால் தேர்ந்தெடுக்கும் உரிமை குழந்தைகளுக்கு. இதில் மகிழ்ச்சி இருக்கிறது. இதற்கு முன்னால் ‘ஹேவ்’ ஒன்றைச் சேர்த்துவிட்டால் கதை தலைகீழ்: ‘ஐவ் காட் டு மீட் ஹெர்’ என்றால் சந்தித்தே ஆகவேண்டும். ‘ஐ கெட் டு கோ’ என்பவர் போகக் கொடுத்துவைத்தவர். ‘ஐவ் காட் டு கோ’ என்பவர் கிளம்பியாக வேண்டிய கட்டாயத்தில் இருப்பவர். இந்த வேறுபாட்டைக் கோட்டைவிட்டால், விருந்துக்கு அழைத்தவரிடம் ‘வேறு வழியில்லாமல் வருகிறேன்’ என்று சொல்லிவிட நேரும்.

இதுவரை பார்த்தவற்றில் மாற்றம் தானாக நடந்தது. அந்த மாற்றத்தை நாமே ஏற்படுத்தவும் ‘கெட்’ பயன்படும். நடுவில் ஒரு ஆளையோ பொருளையோ வைத்தால் போதும். ‘கெட் ரெடி’ என்றால் தயாராகு. ‘கெட் தி ரூம் ரெடி’ என்றால் அறையைத் தயார் செய். ‘கெட் ஹோம்’ என்றால் வீடு போய்ச் சேர். ‘கெட் ஹிம் ஹோம்’ என்றால் அவனை வீட்டில் கொண்டுபோய்ச் சேர். ‘கெட் மி எ க்ளாஸ் ஆஃப் வாட்டர்’ என்றால் ஒரு தம்ளர் தண்ணீர் எனக்குக் கிடைக்கச் செய், அதாவது போய்க் கொண்டுவா. போகிற போக்கில் இன்னொன்று: ‘ஹோம்’, ‘ஹியர்’, ‘தேர்’ ஆகியவற்றுக்கு முன் ‘டு’ வராது. ‘கெட் டு ஹோம்’ என்று எழுதாதீர்கள்.

ஒருவரைக் கொண்டு ஒரு வேலையைச் செய்விப்பதற்கு மூன்று வினைகள் உண்டு, மூன்றும் ஒன்றல்ல. ‘ஐ மேட் ஹிம் சைன்’ என்றால் கட்டாயப்படுத்திக் கையெழுத்துப் போட வைத்தேன். ‘ஐ ஹேட் ஹிம் சைன்’ என்றால் அது அவர் வேலை, சொன்னேன், போட்டார். ‘ஐ காட் ஹிம் டு சைன்’ என்றால் பேசி, இணங்கவைத்து, ஒருவழியாகப் போட வைத்தேன். அதில் முயற்சி தெரிகிறது. இலக்கணத்தில் ‘கெட்’ மட்டும் ‘டு’ கேட்கிறது, மற்ற இரண்டும் கேட்பதில்லை. ‘ஐ காட் ஹிம் சைன்’ என்பது பிழை.

செய்தவர் யார் என்பது முக்கியமில்லை என்றால் ‘ஐ காட் மை ஹேர் கட்’ என்ற அமைப்பு. முடி வெட்டிக்கொண்டேன் என்று தமிழில் நாம் சாதாரணமாகச் சொல்வதை ‘ஐ கட் மை ஹேர்’ என்று மொழிபெயர்த்தால், கண்ணாடி முன் நின்று தானே கத்தரிக்கோலைப் பிடித்ததாகப் பொருள். தைக்கக் கொடுத்தது, பழுதுபார்க்கக் கொடுத்தது, கண் பரிசோதித்துக்கொண்டது எல்லாவற்றுக்கும் இந்த அமைப்புத்தான். இதே அமைப்பில் விபத்தும் வரும்: ‘ஹீ காட் ஹிஸ் ஃபிங்கர் காட் இன் தி டோர்’, கதவிடுக்கில் விரல் மாட்டிக்கொண்டது. இந்த வாக்கியத்தில் இரண்டு ‘காட்’ இருப்பதுபோல் தமிழ் எழுத்து காட்டுகிறது. இரண்டாவது ‘கேட்ச்’ என்ற வினையின் இறந்தகாலம், ஆங்கிலத்தில் ஒலி நீண்டு வரும். வேண்டுமென்றே செய்ததா, தற்செயலாக நேர்ந்ததா என்பதைச் சூழல்தான் சொல்லும்.

செயப்பாட்டு வாக்கியங்களில் ‘வாஸ்’ வரும் இடத்தில் ‘காட்’ வருவது பேச்சில் மிகுதி. ‘ஹீ வாஸ் அரெஸ்டட்’, ‘ஹீ காட் அரெஸ்டட்’. முதலாவது கைது செய்யப்பட்டார் என்ற செய்தித்தாள் நடை. இரண்டாவது மாட்டிக்கொண்டார் என்ற நடை. அதில் நிகழ்ச்சியின் அதிர்ச்சியும், சில வேளைகளில் ‘அவரே வரவழைத்துக்கொண்டது’ என்ற குறிப்பும் சேர்ந்துவரும். தமிழில் அடிபட்டான், அகப்பட்டான் என்பவற்றில் ‘படு’ எப்படிப் பாதிப்பைச் சுமக்கிறதோ அப்படி. ஆனால் கேட்டுக்கு மட்டும் உரியதல்ல. ‘ஷீ காட் ப்ரமோட்டட்’ என்று நல்லதும் வரும். யாரையும் பாதிக்காத செய்திகளுக்கு இது ஒட்டாது. ‘இந்தக் கோட்டை பதினாறாம் நூற்றாண்டில் கட்டப்பட்டது’ என்பதற்கு ‘வாஸ் பில்ட்’ தான். ‘காட் பில்ட்’ என்றால், கட்டி முடியுமா என்று ஏங்கிக்கொண்டிருந்தது எப்படியோ முடிந்துவிட்டது என்ற தொனி வந்துவிடும். அறிதல், விரும்புதல் போன்ற நிலை வினைகளோடும் ‘கெட்’ செயப்பாட்டு சேராது.

இனி, ‘அப்’, ‘ஆஃப்’, ‘ஓவர்’, ‘த்ரூ’ போன்ற சிறு சொற்களோடு அது சேரும் தொடர்கள். கடைகளில் விற்கும் கையேடுகள் இவற்றை அகரவரிசையில் அடுக்கி மாணவரைப் பயமுறுத்துகின்றன. அடிப்படை இங்கேயும் அதேதான்: அந்தச் சிறு சொல் காட்டும் இடத்துக்குப் போய்ச் சேர்வது. ‘அப்’ என்றால் மேலே. ‘கெட் அப்’ என்றால் படுக்கையிலிருந்தோ இருக்கையிலிருந்தோ எழுவது. ‘ஓவர்’ என்றால் தாண்டிய பக்கம். ‘கெட் ஓவர்’ என்றால் நோயையோ துக்கத்தையோ தாண்டி மறுபக்கம் வருவது. ‘த்ரூ’ என்றால் ஊடே. ‘கெட் த்ரூ’ என்றால் தேர்வையோ கடினமான காலத்தையோ கடந்து வெளிவருவது, தொலைபேசியில் இணைப்புக் கிடைப்பதும் அதுவே. ‘அவே’ என்றால் விலகி; ‘கெட் அவே வித் இட்’ என்றால் தவறு செய்துவிட்டுத் தண்டனையின்றித் தப்புவது. ‘பை’ என்றால் ஒட்டியபடி கடந்து. ‘கெட் பை’ என்றால் இருப்பதை வைத்துக்கொண்டு சமாளிப்பது. பிரெஞ்சில் ‘கெட் பை’ செய்ய முடியும் என்று ஒருவர் சொன்னால், வழி கேட்கவும் உணவு வாங்கவும் தெரியும், இலக்கியம் படிக்கத் தெரியாது என்று புரிந்துகொள்ளலாம்.

‘கெட் ஓவர்’ தொடரில் நம்மவர்கள் ஒன்று செய்வார்கள்: ‘தி மீட்டிங் காட் ஓவர்’. கூட்டம் முடிந்தது என்பதற்கு ‘தி மீட்டிங் இஸ் ஓவர்’ அல்லது ‘எண்டட்’. கூட்டம் எதையும் தாண்டி மறுபக்கம் போவதில்லை. பொருள் தீர்ந்துபோனதற்கும் ‘காட் ஓவர்’ வராது. ‘வி ஹேவ் ரன் அவுட் ஆஃப் இட்’ என்பார்கள்.

பஸ்ஸிலிருந்து இறங்குவதற்கு ‘கெட் டவுன்’ என்பதும் தமிழின் ‘இறங்கு’ நேரே ஆங்கிலத்துக்குப் போனதுதான். ‘கெட் டவுன்’ ஏணிக்கும் மரத்துக்கும் கூரைக்கும் உரியது. பஸ், ரயில், விமானம், கப்பல் இவற்றில் ஏற ‘கெட் ஆன்’, இறங்க ‘கெட் ஆஃப்’. கார், டாக்சி போன்றவற்றில் ஏற ‘கெட் இன்’ அல்லது ‘கெட் இன்டு’, இறங்க ‘கெட் அவுட் ஆஃப்’. உள்ளே நிமிர்ந்து நடக்க முடிந்தால் ‘ஆன்’, குனிந்து நுழைந்து உட்கார வேண்டியிருந்தால் ‘இன்’ என்று வைத்துக்கொள்ளுங்கள். சைக்கிளும் குதிரையும் மேலே ஏறி உட்காருபவை, எனவே ‘ஆன்’.

‘கெட் ஆன்’ தொடருக்கு வேறு முகங்களும் உண்டு. ‘ஹவ் ஆர் யூ கெட்டிங் ஆன்?’ என்றால் எப்படிப் போய்க்கொண்டிருக்கிறது? ‘தே கெட் ஆன் வெல்’ என்றால் இருவருக்கும் ஒத்துப்போகிறது. அமெரிக்கர்கள் இங்கே ‘கெட் அலாங்’ என்பார்கள். ‘ஹீ இஸ் கெட்டிங் ஆன்’ என்றால், பின்னால் எதுவும் இல்லாதபோது, வயதாகிக்கொண்டிருக்கிறது. ‘கெட் ரவுண்ட் டு’ எனக்குப் பிடித்த தொடர்: தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த வேலைக்கு ஒருவழியாக நேரம் ஒதுக்குவது. ‘ஐ நெவர் காட் ரவுண்ட் டு இட்’ என்பதைவிட நாசூக்காகச் சோம்பலை ஒப்புக்கொள்ளும் வாக்கியம் ஆங்கிலத்தில் அரிது.

ஒரு எச்சரிக்கை ‘கெட் யூஸ்ட் டு’ பற்றி. இதற்குப் பின் வினை வந்தால் ‘இங்’ சேர வேண்டும்: ‘ஐ காட் யூஸ்ட் டு வேக்கிங் அப் எர்லி’, அதிகாலையில் எழுந்து பழகிவிட்டேன். ‘ஐ யூஸ்ட் டு வேக் அப் எர்லி’ என்றால் முன்பெல்லாம் அதிகாலையில் எழுவேன், இப்போது இல்லை. ஒரு ‘காட்’ போனதில் வாழ்க்கைமுறையே மாறிவிட்டது.

எழுத்தில் ‘கெட்’டை எவ்வளவு பயன்படுத்தலாம்? நண்பருக்கு எழுதும் கடிதத்தில் தயக்கமே வேண்டாம். விண்ணப்பம், ஆய்வுக் கட்டுரை, அலுவலகக் கடிதம் ஆகியவற்றில் குறைத்துக்கொள்ளுங்கள். அங்கே ‘ரிசீவ்’, ‘அப்டெய்ன்’, ‘பிகம்’, ‘அரைவ்’, ‘அண்டர்ஸ்டேண்ட்’ என்று துல்லியமான வினைகள் இருக்கின்றன. ஆனால் பேச்சில் இதையே திருப்பிப் போட்டு, ‘ஐ அப்டெய்ண்ட் எ க்ளாஸ் ஆஃப் வாட்டர்’ என்று சொன்னால் நீதிமன்றத்தில் சாட்சி சொல்வதுபோல் இருக்கும். பள்ளியில் எழுத்து ஆங்கிலத்தை மட்டும் படித்துவந்தவர்களின் பேச்சு விறைப்பாக இருப்பதற்கு ‘கெட்’ பஞ்சம் ஒரு முக்கியக் காரணம் என்பது என் கணிப்பு.

பயிற்சிக்கு நான் பரிந்துரைப்பது இது. அன்றன்று உங்களுக்கு நேர்ந்தவற்றை ‘எனக்கு’ என்று தொடங்கித் தமிழில் ஐந்தாறு வாக்கியங்கள் எழுதுங்கள். ஒவ்வொன்றையும் ‘ஐ காட்’ என்று மாற்றிப் பாருங்கள். பின்னால் வருவது பெயரா, பண்பா, இடமா, வினையா என்று குறித்துக்கொள்ளுங்கள். பொருந்தாமல் போனதற்குத் தனிப் பட்டியல் வையுங்கள். உங்களுக்குப் பயன்படப்போவது அந்தப் பட்டியல்தான். அது ஆளுக்கு ஆள் வேறுபடும், எந்தக் கையேட்டிலும் கிடைக்காது. அதோடு, ஆங்கிலத்தில் எதையாவது கேட்கும்போது ‘கெட்’ வரும் இடங்களைக் காது கொடுத்துக் கவனியுங்கள்.

கவனிக்கும்போது ஒலி ஏமாற்றும் என்பதையும் அறிந்திருங்கள். வேகமான பேச்சில் ‘காட் டு’ என்பது ‘காட்டா’ என்று சுருங்கும். அதற்கு முன்னுள்ள ‘ஐவ்’ தேய்ந்து ‘ஐ’ மட்டும் எஞ்சும். ‘ஐ காட்டா கோ’ என்று கேட்டால் அது ‘போயாக வேண்டும்’. அமெரிக்கப் பேச்சில் இரண்டு உயிரொலிகளுக்கு நடுவே வரும் ‘ட்’ மென்மையாகிவிடும்; அதனால் ‘கெட் இட்’ என்பது ‘கெடிட்’ என்றும், ‘கெட் அவுட்’ என்பது ‘கெடவுட்’ என்றும் ஒரே சொல்லாகக் காதில் விழும். பிரிட்டனில் சில வட்டாரங்களில் அந்த ‘ட்’ தொண்டையிலேயே நின்றுவிடும்; ‘கெ’ என்ற ஒலிக்குப் பின் ஒரு சிறு தடை மட்டும் கேட்கும். அங்கே ‘கெட்’ வந்திருக்கிறது என்பதை அடுத்துவரும் சொல்லை வைத்துத்தான் கண்டுகொள்ள முடியும்.